112 வந்துவிட்டால் கைவிரிக்கலாமா? தீக்காய நோயாளியின் உயிராபத்தைக் கணக்கிடும் பாக்ஸ் ஸ்கோர் பற்றி

வார்டுசுவர்: வயது 45, தீக்காயம் உடல் பரப்பில் 50%, புகையும் உள்ளே போயிருக்கிறது. திருத்திய பாக்ஸ்படி 45+50+17 = 112. 1961இல் பாக்ஸ் வயதையும் பரப்பையும் மட்டும்தான் கூட்டினார். மூச்சுக்காயத்துக்கு 17 சேர்ந்தது 2010இல். வீட்டாரிடம் பேச இதைவிட எளிய கணக்கு கிடையாது.

கரிச்சான்: எளிது, சரி. அதே நோயாளியை இன்னொரு தீக்காயக் கணக்கான 1982 ஆப்சி (ABSI) ஸ்கோரில் போடுங்கள்: வயதுக்கு 3, பரப்புக்கு 5, மூச்சுக்காயத்துக்கு 1, தோலின் முழு ஆழமும் வெந்த காயத்துக்கு 1, ஆண் என்பதால் 0. மொத்தம் 10. பிழைக்க வாய்ப்பு 20–40% என்கிறது அந்த அட்டவணை. உங்கள் 112க்கோ கிட்டத்தட்ட பாதிப்பாதி. வீட்டாரிடம் எதைச் சொல்வீர்கள்? இரண்டுமே அமெரிக்க நோயாளிகளை வைத்துப் போட்டவை. முதல் சில நாளிலேயே வெந்த தோலை வெட்டியெடுத்து ஒட்டும் இடமும், அது தானாக உரியட்டும் என்று மூன்று வாரம் காத்திருந்து சூடோமோனாஸ் கிருமியிடம் தோற்கும் இடமும் ஒன்றா?

வார்டுசுவர்: அது ஸ்கோரின் குற்றமில்லை. யாருக்கு ஆபத்து அதிகம் என்ற வரிசை பெரும்பாலும் எங்கேயும் தப்பாது, சதவீதம்தான் தப்பும். சொந்த வார்டு பதிவேட்டை வைத்து அதைத் திருத்திக்கொள்ளலாமே.

பனைமரம்: முதலில் அந்த 50%ஐ யார் அளந்தது? வெறுமனே சிவந்த தோலையும் சேர்த்துக் கூட்டுவதுதான் வழக்கமான தப்பு. விரல்களோடு நோயாளியின் கை 1% என்கிறோம், உண்மையில் 0.8% பக்கம். 40ஐ 50 என்று எழுதினால் ஸ்கோரில் பத்துதான் கூடும், ட்ரிப்பில் வினையே வரும். 70 கிலோ ஆளுக்கு முதல் 24 மணி நேர ட்ரிப்புக்கான பார்க்லாண்ட் கணக்குப்படி 4×70×50 = 14,000 மில்லி, அதாவது 14 லிட்டர்; 40 என்றால் 11.2. மிச்ச 2.8 லிட்டர் நுரையீரலிலும் வயிற்றிலும் தேங்கும். முதல் 8 மணி நேரத்தில் பாதி போக வேண்டும், அதுவும் தீப்பட்ட நேரத்திலிருந்து. வார்டுக்கு வந்த நேரத்திலிருந்து எண்ணுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்!

கரிச்சான்: அந்த 17ம் அப்படித்தான். மூக்குமயிர் கருகியதைப் பார்த்தே சேர்த்துவிடுகிறார்கள். நோயாளிக்கு ஒரே நிமிடத்தில் 17 வயது கூடிவிடுகிறது. ப்ராங்கோஸ்கோப்பில் (மூச்சுக்குழாய்க்குள் விட்டுப் பார்க்கும் குழாய்) கரியும் வீக்கமும் தெரிந்த பிறகு சேருங்கள்.

வார்டுசுவர்: ஒத்துக்கொள்கிறேன். 80 வயது, 70%, ப்ராங்கோஸ்கோப்பிலும் உறுதி, ஆக 167. அங்கேயும் வென்டிலேட்டர்தானா?

கரிச்சான்: அங்கே வலியைக் குறைப்பதுதான் வைத்தியம், மறுக்கவில்லை. என் சண்டை 100க்கும் 140க்கும் நடுவில். 48 மணி நேரம் சிறுநீரையும், உடலுக்கு ரத்த ஓட்டம் போதாதபோது ரத்தத்தில் ஏறும் லாக்டேட்டையும் பாருங்கள். மணிக்குக் கிலோவுக்கு 0.5 மில்லி சிறுநீர் போய், லாக்டேட்டும் இறங்கினால் ஆபரேஷன் தியேட்டருக்கு நாள் குறியுங்கள், அந்த 112ஐக் காட்டித் தள்ளிப்போடாதீர்கள்.