புதுப்பிப்பு: தாழ்நில மழைக்காட்டுக் கணக்கெடுப்பில் விடுபட்ட கீழ்த்தளப் பறவைகள்

தாழ்நில மழைக்காட்டில் புள்ளிக் கணக்கெடுப்பு (ஓரிடத்தில் நின்று, குறித்த நேரத்துக்குள் காணும், கேட்கும் பறவைகளை எண்ணுவது) செய்தும் அடர்ந்த கீழ்த்தளத்தில், அதாவது பெருமரங்களுக்கு அடியில் உள்ள செடிகொடிகளுக்குள், வாழும் பறவைகள் பட்டியலில் சேரவில்லை, என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். வழிகாட்டிய அனைவருக்கும் நன்றி.

பலன் தந்தது, தானியங்கி ஒலிப்பதிவுக் கருவியை விடியலுக்கு வெகு முன்பே இயங்கவிடச் சொன்ன ஆலோசனைதான். ஆறுமணிக்குருவி வகைப் பறவைகளும் ஆந்தைகளும், நாங்கள் கணக்கெடுக்கும் இடத்துக்கு நடந்துபோய்ச் சேர்வதற்குள் குரல் கொடுத்து அடங்கிவிடுகின்றன என்பது பதிவுகளைக் கேட்டபோது தெளிவானது. அதிகம் குரலெழுப்பாத சிறு பறவைகளுக்கு மட்டும், உரிய அனுமதியோடு பயிற்சி பெற்றவர்கள் தரையை ஒட்டிக் கட்டிய மெல்லிய நூல்வலைகள் உதவின. உயர் விதானத்தில், அதாவது மர உச்சிகளில், வாழும் பறவைகள் அவற்றில் சிக்குவது அரிது.

எதிர்பாராத சிக்கலும் வந்தது. மழை ஓய்ந்து நெடுநேரம் ஆன பின்னும் இலைகளிலிருந்து சொட்டிய நீர் கருவியின் மேல் தட்டிப் பதிவைக் கெடுத்ததால், அதன் இடத்தை மாற்றினோம். அதைவிட முக்கியமானது, துடுப்புவால் கரிச்சான் பிற பறவைகளின் குரலை அப்படியே எழுப்புவதால், அடையாளம் காணும் மென்பொருள் நாங்கள் ஒருமுறையும் காணாத இனங்களைப் பட்டியலிட்டது. எனவே அரிய இனம் என்று அது காட்டும் ஒவ்வொரு ஒலித்துண்டையும், முன்னும் பின்னும் உள்ள பகுதியோடு காதால் கேட்ட பிறகே சேர்க்கிறோம்.