மறு: ஸ்டால் = வேகமிழப்பு?

அன்புள்ள ஐயா, நண்பர்களே, வணக்கம்.

வால்சக்கர விமானம் (வாலடியில் சிறு சக்கரம் உள்ளது) பற்றிய மடலில் ஸ்டாலுக்கு, அதாவது இறக்கை தன் தூக்குவிசையைத் திடீரென இழப்பதற்கு, ‘வேகமிழப்பு’ என்று ஐயா எழுதியதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. ஸ்டாலை முடிவு செய்வது கோணம். எதிர்க்காற்றுக்கு இறக்கை ஏறத்தாழ 15, 16 பாகைக்கு மேல் நிமிர்ந்துவிட்டால், மேற்பரப்பை ஒட்டி ஓடிய காற்று பிய்ந்து போகிறது. பைப்பர் கப் என்ற சிறு விமானம் நேராகப் பறக்கையில் மணிக்குச் சுமார் 60 கிலோமீட்டரில் ஸ்டால் ஆகும். அதையே உயரம் குறையாமல் 60 பாகை சாய்த்துத் திருப்பினால் 85-லேயே ஆகிவிடும். ‘வேகமிழப்பு’ என்ற சொல்லை நம்பி ஒரு மாணவன் வேகமானியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் உயிருக்கே ஆபத்து.

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் பழைய லயத்துத் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) தகரக் கூரையில் மைனா இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். விளிம்புக்கு ஒரு முழம் இருக்கும்போது உடம்பை நிமிர்த்தும். அப்போது இறக்கையின் மேல்புறத்துச் சிறு இறகுகள் சிலிர்த்து எழும். பிய்ந்த காற்று அங்கே பின்னிருந்து முன்னாகத் திரும்புவதால் வரும் சிலிர்ப்பு அது. அடுத்த கணம் கால் தகரத்தில் இருக்கும்.

மூன்று சக்கரமும் ஒன்றாகத் தொடும் இறக்கமும் இப்படித்தான். தரையை ஒட்டி மிதந்தபடி மூக்கை உயர்த்தும் ஸ்டிக்கை மெல்ல மெல்லப் பின்னால் இழுக்க வேண்டும். இறக்கை காற்றை விடப்போகும் நேரத்தில் சக்கரங்கள் புல்லைத் தொட்டிருக்க வேண்டும். ஆள் உயரத்திலேயே இறக்கை காற்றை விட்டுவிட்டால் விமானம் தொப்பென்று விழும்.

ஆகவே என் பரிந்துரை ‘பிடிவிடல்’. இறக்கை காற்றின் மேல் வைத்திருந்த பிடியை விடுகிறது, அவ்வளவுதான். வினையாகவும் தடையில்லாமல் வருகிறது: பிடிவிட்டது, பிடிவிடும் கோணம், பிடிவிடாமல் திருப்பு. தம்பி ஒருவர் சொன்ன ‘சோர்வு’ அழகான சொல்தான், ஆனால் உலோகச் சோர்வு என்று ஏற்கெனவே புழங்குகிறதே.

அப்புறம், கிரவுண்ட் லூப்புக்கும் ஒரு சொல் வேண்டும். வால்சக்கர விமானத்தில் எடைமையம் பெரிய சக்கரங்களுக்குப் பின்னால் இருப்பதால், இறங்கி ஓடும்போது சிறிது திரும்பினாலும் அது வளர்ந்துகொண்டே போய் விமானத்தையே சுழற்றிவிடும். செம்பனைக் குலை ஏற்றிய டிரெய்லரோடு டிராக்டரைப் பின்னால் எடுத்தவர்களுக்கு இந்தத் தொல்லை புரியும். ‘தரைச்சுழி’ என்று வைத்திருக்கிறேன். ‘சுழி’ என்றால் ஆற்றுச்சுழி நினைவுக்கு வருமோ என்ற தயக்கம் இருக்கிறது. ஐயா என்ன நினைக்கிறீர்கள்?