தம்பிக்குத் தெரியாமல் சாம்பாரில் பொடி கலக்கலாம் என்கிறார் அம்மா. என்ன செய்வது?

பவானிக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் பவானி. தம்பிக்கு 24 வயது. டிப்ளமோ முடித்ததும் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங்கில் சேர்ந்தான். ஒரு ரூமில் ஆறு பேர். சனிக்கிழமை சம்பளம் வாங்கினால் அன்று ராத்திரி மட்டும் குடிப்பது என்றுதான் ஆரம்பித்திருக்கிறது. இரண்டே வருடத்தில், காலையில் கை நடுங்காமல் பல் விளக்கவே ஒரு கட்டிங் வேண்டும் என்றாகிவிட்டது. டாஸ்மாக் மதியம் 12 மணிக்குத்தான் திறக்கும் என்பதால், முதல் நாள் ராத்திரியே கொஞ்சம் மிச்சம் பிடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்வானாம். இதெல்லாம் பிற்பாடு அவனே சொல்லித் தெரிந்துகொண்டது.

இந்தக் கார்த்திகை ஒன்றாம் தேதி ஊருக்கு வந்து மாலை போட்டுக்கொண்டான். அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். ஐயப்பனே நிறுத்திக் கொடுத்துவிட்டார் என்று தெருவெல்லாம் சொன்னார். இரண்டாம் நாள் காலை குளித்து விபூதி பூசிக்கொண்டு நின்றவன் அப்படியே சரிந்தான். வாயில் நுரை, கைகால் வெட்டி இழுக்கிறது. அம்மா சாவிக்கொத்தைக் கையில் திணித்து அழுத்திக்கொண்டு கதறினார். ஆஸ்பத்திரியில் டாக்டர், "தினமும் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தியதால் வந்த ஃபிட்ஸ்" என்றபோது எங்களால் நம்பவே முடியவில்லை. குடித்தால் நோய் வரும் என்று தெரியும், நிறுத்தினாலும் வரும் என்று யார் சொன்னார்கள்?

அப்புறம் ஒரு மறுவாழ்வு மையத்தில் 30 நாள் இருந்தான். வீட்டுக்கு வந்து இன்றோடு 41 நாள். குடிக்கவில்லை. ஆனால் வீட்டில் யாருமே சரியாக மூச்சு விடுவதில்லை. அப்பா அவனோடு பேசுவதில்லை, தட்டை வைத்துவிட்டு எழுந்து போய்விடுகிறார். அம்மா யாரோ சொன்னார்கள் என்று 900 ரூபாய் கொடுத்து ஒரு பொடி வாங்கி வைத்திருக்கிறார். சாம்பாரில் கலந்தால் ருசியே தெரியாதாம், குடியே மறந்துபோகுமாம்.

என்னையும் சொல்ல வேண்டும். துணி துவைக்க எடுக்கும்போது அவன் சட்டையை முகர்ந்து பார்ப்பேன். ஒருநாள் அவன் பின்கட்டு வாசலில் நின்று பார்த்துவிட்டான். ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றிலிருந்து அவன் சட்டையை அவனே துவைத்துக்கொள்கிறான்.

மாசியில் சித்தப்பா மகள் கல்யாணம் கோபியில். பசங்களெல்லாம் முதல் நாளே மண்டபத்தில் கூடுவார்கள். அவனைக் கூட்டிப் போவதா, விட்டுப் போவதா? பொடி விஷயத்தில் அம்மாவுக்கு என்ன சொல்வது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

இரவுப்பணி:

நான் மனநலப் பிரிவில் ஸ்டாஃப் நர்ஸ். முதலில் அந்தப் பொடியை அடுப்படியிலிருந்து எடுத்துவிடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

குடியை நிறுத்த டாக்டர்கள் எழுதும் மாத்திரைகளில் டைசல்ஃபிராம் என்று ஒன்று உண்டு. உள்ளே போன சாராயத்தைக் கல்லீரல் இரண்டு கட்டமாக உடைக்கும். முதல் கட்டத்தில் அசிட்டால்டிஹைடு என்ற நஞ்சு உண்டாகும், இரண்டாவது கட்டத்தில் அது கரைந்துவிடும். இந்த மாத்திரை அந்த இரண்டாவது கட்டத்தைத் தடுத்துவிடும். அதனால் இதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தியும் படபடப்பும் வந்து, ரத்த அழுத்தம் இறங்கிவிடும். சிலருக்கு உயிருக்கே ஆபத்து. மாத்திரையை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை உடம்பில் வேலை செய்யும். ஆல்கஹால் கலந்த இருமல் மருந்து கூடச் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. அதனால்தான் இதயம், கல்லீரல் எல்லாம் சோதித்து, நோயாளியிடம் விளக்கி, அவர் சம்மதித்த பிறகே கொடுப்பார்கள். உங்கள் வீட்டுப் பொட்டலத்தில் இந்த மருந்தைத்தான் பொடித்திருக்கிறார்களா, வேறு எதையாவது கலந்திருக்கிறார்களா என்று அதன் மேல் எழுதியிருக்காது. தம்பிக்குத் தெரியாமல் கொடுத்து, அவர் தெரியாமல் குடித்தால்? நினைத்துப் பாருங்கள்.

ஆனால் அவரே சம்மதித்து, தினமும் காலை உங்கள் கையால் வாங்கிப் போட்டுக்கொள்வது நல்ல வழி. அதுவும் எல்லோருக்கும் பொருந்தாது. குடிக்கும் ஏக்கத்தைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்றவையும் இருக்கின்றன. எது சரி என்பதை டாக்டர் சொல்லட்டும். மையத்தில் எழுதிக்கொடுத்த மாத்திரை ஏதாவது இருந்தால் இஷ்டத்துக்கு நிறுத்த வேண்டாம்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். நடுவில் மறுபடி குடித்து, சில நாள் தொடர்ந்துவிட்டால், வீட்டில் பூட்டி வைத்து நிறுத்தப் பார்க்காதீர்கள். ஃபிட்ஸ் பெரும்பாலும் முதல் இரண்டு நாளுக்குள் வரும். மூன்றாம் நாள் வாக்கில் இல்லாத ஆளோடு பேசுவது, பூச்சி ஊர்கிறது என்பது ஆரம்பித்தால் உடனே ஆஸ்பத்திரி. ஒருமுறை ஃபிட்ஸ் வந்தவருக்கு அடுத்த முறையும் வர வாய்ப்பு அதிகம். ஃபிட்ஸ் வந்தால் சாவிக்கொத்து வேண்டாம், ஒருக்களித்துப் படுக்க வைத்து, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். யாரிடம் கேட்பது என்று தெரியாத நேரத்தில் 14446 என்ற போதை மீட்பு உதவி எண் இருக்கிறது, கட்டணம் இல்லை.

நான்காம்வருடம்:

அக்கா, நான் மதுரை. வயது 29. குடியை விட்டு நாலாவது வருடம் நடக்கிறது. உங்கள் பதிவில் சட்டை முகர்ந்த இடத்தைப் படித்துவிட்டு போனைக் கீழே வைத்துவிட்டேன்.

எங்கள் அம்மா நான் பாத்ரூம் போய்வந்தால் பின்னாலேயே போய்ப் பார்ப்பார். நான் குடிக்காமல் இருந்த நாளில்தான் அது அதிகமாக வலித்தது. அதற்காக உங்களைக் குறை சொல்லவில்லை. நாங்கள் சொன்ன பொய்கள் கொஞ்சமா? ஆனால் மறைந்து பார்ப்பதற்குப் பதிலாக, அவன் முகத்துக்கு நேரே, "எனக்குப் பயமாக இருக்கிறது, நான் எப்படித் தெரிந்துகொள்ளட்டும்? நீயே சொல்" என்று கேளுங்கள். எனக்கு என் அண்ணி அப்படிக் கேட்டார். நானே ஏடிஎம் கார்டை அவர் கையில் கொடுத்தேன், எட்டு மாதம் அவரிடம்தான் இருந்தது. பிடுங்கியிருந்தால் வேறு வழி தேடியிருப்பேன்.

சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு வரைதான் கஷ்டமான நேரம். அந்த நேரத்தில் பசியோடு இருக்க விடாதீர்கள். எனக்கு தினமும் இரண்டு பஜ்ஜியும் டீயும் வந்துவிடும். சின்ன விஷயம்தான், ஆனால் வயிறு காலியாக இருந்தால் மனசு கடைப் பக்கம் போகும். குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டம் எங்கே நடக்கிறது என்று விசாரித்து அவனிடம் சொல்லுங்கள், தள்ளாதீர்கள். அங்கே போனபோதுதான் என் வயதுப் பையன்கள் சிலரைப் பார்த்தேன். அதுவரை குடிநோய் என்பது அப்பா வயது ஆட்களுக்கு வருவது என்று நினைத்திருந்தேன்.

கல்யாணத்துக்கு 'எல்லோரும் கேட்பார்களே' என்பதற்காகக் கூட்டிப் போக வேண்டாம், அவன் வர விரும்பினால் மட்டும். முதல் நாள் ராத்திரி மட்டும் மண்டபத்தில் தங்கவே கூடாது. முகூர்த்தத்துக்கு நேரே போய், முதல் பந்தியில் சாப்பிட்டு, மொய் எழுதிவிட்டுக் கிளம்புங்கள். "போகலாம்" என்று அவன் சொன்னால் காரணம் கேட்காமல் எழுந்துவிட வேண்டும். அதை முன்கூட்டியே பேசி வையுங்கள்.

திருப்பூர் ரூமுக்கு இப்போதைக்குத் திரும்பிப் போக விடாதீர்கள். வேலை வேறு கிடைக்கும்.

மாடித்தோட்டம்:

அம்மாடி, நான் சென்னை. உன் அம்மாவுக்குத்தான் எழுதுகிறேன், வாசித்துக் காட்டு.

என் பையன் 22 வயதில் இதில் விழுந்தான். அவன் ஆபீஸுக்கு போன் போட்டு "காய்ச்சல், வர முடியாது" என்று எத்தனை முறை நான் பொய் சொன்னேன் தெரியுமா? கை நடுங்குகிறதே என்று நானே 200 ரூபாய் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். பெற்றவளுக்கு அது பாசமாகத்தான் தெரியும்.

அடையாறு பக்கம் இந்திரா நகரில் குடிநோய்க்குச் சிகிச்சை தரும் டி.டி.கே. மருத்துவமனை இருக்கிறது. அதை ஆரம்பித்த சாந்தி ரங்கநாதன் அம்மாவே கணவரைக் குடிக்குப் பறிகொடுத்தவர். 1980இல் தொடங்கியது. குடிப்பவரோடு சேர்த்துக் குடும்பத்துக்கும் சிகிச்சை வேண்டும் என்பது அங்கே ஆரம்பத்திலிருந்தே உண்டு. எனக்கு எதற்கு வகுப்பு, நானா குடித்தேன் என்று முதல் நாள் கோபமாக உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் பக்கத்து நாற்காலிப் பெண் பேசப் பேச நான் அழுதேன், அத்தனையும் என் வீட்டுக் கதை. அல்-அனான் என்று குடும்பத்தாருக்கென்றே கூட்டம் உண்டு. பவானிக்குப் பக்கத்தில் எங்கே நடக்கிறது என்று விசாரியுங்கள். இந்த நோயை நாம் உண்டாக்கவும் இல்லை, நம்மால் அடக்கவும் முடியாது, தீர்க்கவும் முடியாது என்று அங்கே சொல்வார்கள். அதைக் கேட்ட ராத்திரிதான் ரொம்ப நாளைக்கு அப்புறம் நான் தூங்கினேன்.

அப்பா பேசாமலிருப்பது கோபத்தால் மட்டும் என்று நினைக்காதே. என் வீட்டுக்காரர் பயத்தில் பேசாமலிருந்தார். அவரையும் ஒருநாள் கூட்டத்துக்கு அழைத்துப் போ.

பவானிக்கரை:

எல்லோருக்கும் நன்றி. நேற்று மாடித்தோட்டம் அம்மா எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அந்த 200 ரூபாய் இடத்தில் எழுந்து உள்ளே போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்துப் பொடியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். தம்பியிடம் மறைக்க வேண்டாம் என்று அதைக் காட்டி எல்லாம் சொன்னேன். ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். "இவ்வளவு பயமா அம்மாவுக்கு?" என்றான்.

சட்டை பற்றியும் மன்னிப்புக் கேட்டேன். தினமும் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் என் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிப்பதாக அவனே சொன்னான், வாசம் தெரிந்துவிடும் இல்லையா என்று. மாத்திரை பற்றி டாக்டரிடம் கேட்க வியாழக்கிழமை போகிறோம். அப்பா இன்னும் பேசவில்லை.

கல்யாணத்துக்கு வருகிறானாம். முகூர்த்தம் காலை ஆறிலிருந்து ஏழரை. முதல் நாள் தங்காமல் கோபி போய்ச் சேர விடிகாலையில் எத்தனை மணிக்கு முதல் பஸ் என்று யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.