'புது வசந்தமாமே' மெட்டு யாருடையது? எம்.எஸ்.வி.யை ஆளாக்கியது கோவையா, சென்னையா?

சிங்காநல்லூர்க்காரன்:
நேற்றுப் பொழுதோட ஒரு கல்யாண மண்டபத்தில் மெல்லிசைக் கச்சேரி. பாட்டுக்கு நடுவில் பேசியவர் மைக்கைப் பிடித்துச் சொல்கிறார், "எம்.எஸ்.விஸ்வநாதன் கோவையில் டீ வாங்கிக் கொடுத்த பையன், சென்னைக்குப் போன பிறகுதான் இசையமைப்பாளர் ஆனார்" என்று. கூட்டம் கைதட்டுகிறது. எனக்குப் பந்தியில் சோறு இறங்கவில்லை.

விஸ்வநாதன் இங்கே ஜூபிடர் பிக்சர்ஸ் படக் கம்பெனியில் ஆபீஸ் பையனாக இருந்தது உண்மைதான், யாரும் மறைக்கவில்லை. ஆனால் 1948-ல் வந்த 'அபிமன்யு' படத்தில் 'புது வசந்தமாமே வாழ்விலே' பாட்டுக்கு மெட்டுப் போட்டது யார்? அதே பையன்தான். அந்த மெட்டு எங்கே பிறந்தது? எங்கள் கோவை சிங்காநல்லூர் சென்ட்ரல் ஸ்டூடியோவில். அப்புறம் சென்னைக்குப் போய்த்தான் இசையமைப்பாளர் ஆனார் என்று எந்த வாயால் சொல்கிறார்கள்?

சுப்பையா நாயுடு பக்தன்:
'அபிமன்யு' டைட்டிலில் இசை என்று போட்டிருப்பது இரண்டே பெயர். எஸ்.எம்.சுப்பையா நாயுடு, சி.ஆர்.சுப்பராமன். மூன்றாவது பெயர் இல்லை. பெயர் இல்லாதவருக்கு மெட்டை எழுதிக் கொடுக்க உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

ஒருவரைத் தூக்க இன்னொருவரைத் தள்ள வேண்டியதில்லை. எம்.ஜி.ஆர். கதாநாயகனாக வந்த முதல் படம் 'ராஜகுமாரி', 1947. அதற்கு இசை நாயுடு. மதுரைக்காரரான டி.எம்.சௌந்தரராஜனை 'கிருஷ்ண விஜயம்' படத்தில் முதன்முதலாகப் பாட வைத்தது நாயுடு. 'தூங்காதே தம்பி தூங்காதே' நாயுடு. 'சிங்கார வேலனே தேவா'வில் காருகுறிச்சியார் நாதஸ்வரத்தையும் எஸ்.ஜானகி குரலையும் நேருக்கு நேர் நிறுத்தியது நாயுடு. இத்தனை செய்தவருக்கு ஒரு மெட்டுப் போடத் தெரியாமல் ஆபீஸ் பையனிடம் கடன் வாங்கினார் என்கிறீர்களா?

பீளமேட்டுத் தம்பி:
ஒரு சந்தேகம் அண்ணா. மெட்டுப் போட்டவர் என்றால் என்ன பொருளில் சொல்கிறீர்கள்? பல்லவி மட்டுமா, சரணமும் சேர்த்தா? இடையில் வரும் வாத்திய இசையை யார் அமைத்தார்கள்? மெட்டும் இசையமைப்பும் ஒன்றா? இதை முதலில் முடிவு செய்துகொண்டால் பேச வசதியாக இருக்கும்.

சிங்காநல்லூர்க்காரன்:
பக்தன் அவர்களே, கடன் வாங்கினார் என்று நான் சொன்னேனா? நாயுடு மெட்டுக்காக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார், பையன் ஆர்மோனியத்தில் உட்கார்ந்து போட்டுக் காட்டினான், நன்றாக இருந்தது, நாயுடு எடுத்துக்கொண்டார். வெளியே சொல்லாதே என்றும் சொல்லி வைத்தார். ஆபீஸ் பையன் போட்ட மெட்டு என்று தெரிந்தால் கம்பெனியில் ஏற்க மாட்டார்கள் என்பதால். இது எம்.எஸ்.வி.யே மேடையிலும் தொலைக்காட்சியிலும் பல தடவை நன்றியோடு சொன்ன செய்தி.

பிறகு ஜூபிடர் பிக்சர்ஸ் கோவையை விட்டுச் சென்னைக்குக் கிளம்பியபோது பையனுக்குக் கணக்கு முடித்து அனுப்பப் பார்த்தார்கள். அப்போது ஜூபிடர் முதலாளி சோமுவிடம் போய், இந்தப் பையன் போட்ட மெட்டுகள்தான் என் பெயரில் வந்தன, இவனை விட்டுவிடாதீர்கள் என்று சொன்னவர் யார்? உங்கள் நாயுடுதான்! அவரே ஒப்புக்கொண்டதை நீங்கள் மறுக்கிறீர்கள். டைட்டில் கார்டு டைட்டில் கார்டு என்று தொங்குவதற்கு முன்னால் அதை யோசியுங்கள்.

டைட்டில் கார்டைப் பற்றி என்னிடம் பேச வேண்டாம். என் அப்பா ஒரு படக் கம்பெனியின் வாத்தியக் குழுவில் தபேலா வாசித்தவர். நாள் கூலி. ரெக்கார்டிங் ராத்திரி முழுக்க நடக்கும், விடியக் காலையில் விரல் வீங்கி வீட்டுக்கு வருவார், அம்மா வெந்நீர் வைத்து ஒத்தடம் கொடுப்பார். எந்தப் படத்திலும் அவர் பெயர் வந்ததில்லை. கடைசி இரண்டு மாதக் கூலியும் வரவில்லை. டைட்டிலில் இல்லை என்பதற்காக அவர் வாசிக்கவில்லை என்று ஆகிவிடுமா?

சுப்பையா நாயுடு பக்தன்:
உங்கள் அப்பாவுக்கு நடந்தது அநியாயம், மனசார வருந்துகிறேன். ஆனால் அந்தக் கோபத்தை நாயுடு மேல் இறக்காதீர்கள். சோமுவிடம் அவர் சொன்னது அவருடைய பெருந்தன்மை. பையனுக்கு ஒரு வழி பிறக்கட்டும் என்று ஒரு குரு நாலு வார்த்தை கூட்டித்தான் சொல்வார். அதைப் பிடித்துக்கொண்டு மெட்டையே எடுத்துக்கொள்வது குருத் துரோகம்.

டிவியில் சொன்னது ஆதாரம் ஆகாது. அறுபது வருடத்துக்குப் பிந்திய ஞாபகம் அது. டைட்டிலில் என்ன இருக்கிறதோ அதுதான்.

எலப்புள்ளிப் பையன்:
சேட்டன்மாரே, நீங்கள் இரண்டு பேருமே ஆளை மாற்றி உரிமை கொண்டாடுகிறீர்கள். எம்.எஸ்.வி. பிறந்தது 1928-ல் எங்கள் பாலக்காட்டு எலப்புள்ளியில். சிறு வயதிலேயே அப்பா போய்விட்டார், தாத்தாதான் வளர்த்தார். இசை படித்தது கண்ணூரில், நீலகண்ட பாகவதரிடம். பதின்மூன்று வயதிலேயே மேடை ஏறிவிட்டார். கோவைக்கு வரும்போது உள்ளே சங்கீதத்தோடுதான் வந்தார். நீங்கள் கொடுத்தது வேலை, ஞானம் இல்லை.

சிங்காநல்லூர்க்காரன்:
எலப்புள்ளி எங்கே இருக்கிறது? வாளையாறு தாண்டினால் வந்துவிடும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று எங்கள் ஊரில் அடிக்கிறது, எங்கள் ஊர்ச் சந்தைக்கு உங்கள் ஊர்க்காரர்கள் காலம் காலமாக வருகிறார்கள். பாதிப் பேர் வீட்டில் இந்தப் பக்கம் பெண் எடுத்திருக்கிறார்கள். பாலக்காடும் கொங்குச் சீமைக்கு ஒரம்பரைதான், உறவுதான். அதனால் அவர் பிறந்ததும் எங்கள் கணக்கில்தான் வரும்.

எலப்புள்ளிப் பையன்:
ஒரம்பரை என்று சொல்லிக்கொண்டே வீட்டையும் எழுதி வாங்கப் பார்க்கிறீர்கள். 1956 வரை பாலக்காடு மலபார் மாவட்டம், கோயமுத்தூர் மாவட்டம் இல்லை. சென்னை மாகாணத்துக்குள் இரண்டும் இருந்தன, அவ்வளவுதான். இன்று கேரளம். எங்கள் ஊர்ப் பிள்ளையை எங்களுக்கே விட்டுவிடுங்கள்.

சிங்காநல்லூர்க்காரன்:
மாவட்டக் கோடு வெள்ளைக்காரன் போட்டது. காற்றுக்கும் பாட்டுக்கும் கோடு கிடையாது. நீங்கள் கண்ணூர் பாகவதரைச் சொன்னதை மதிக்கிறேன், அங்கே படித்தார். ஆனால் சினிமாவுக்கு மெட்டுப் போடுவது வேறு. காட்சியைக் கேட்டு, வரியைப் பார்த்து, நடிகர் யார், பாடுகிறவர் யார் என்று தெரிந்துகொண்டு, ஒத்திகையில் திருத்தி, நாலு நிமிடத்துக்குள் அடக்க வேண்டும். அதை அவர் எங்கே கற்றார்? நாயுடுவின் கம்போசிங் அறைக்கு வெளியே நின்று கேட்டுக் கேட்டு, ஆளில்லாத நேரத்தில் ஆர்மோனியத்தைத் தொட்டுத் தொட்டுக் கற்றார். அதன் முதல் பலன் 'புது வசந்தமாமே'. மறுபடியும் அதே இடத்துக்குத்தான் வருகிறேன்.

ஈரோட்டு வயலின்:
எத்தனை பதிவு போட்டாலும் ஒரு பெயர் உங்கள் வாயில் வரவில்லை. டி.கே.ராமமூர்த்தி. திருச்சிக்காரர், வயலின் மேதை. நான் முப்பது வருடமாக வயலின் வாசிக்கிறேன், இந்த மறதி எனக்கு வலிக்கிறது.

சென்னையில் சி.ஆர்.சுப்பராமன் குழுவில் ராமமூர்த்தி வயலின், எம்.எஸ்.வி. ஆர்மோனியம். சுப்பராமன் 1952-ல் மிக இளம் வயதில் இறந்தார். அந்த வருடமே 'பணம்' படத்தில் இரண்டு பேரும் சேர்ந்து இசையமைத்தார்கள். வயதில் மூத்தவர் ராமமூர்த்தி. ஆனால் படத்தை இயக்கிய கலைவாணர், விஸ்வநாதன் பெயர் முன்னால் இருக்கட்டும், மூத்தவர் பின்னால் நின்று தாங்கட்டும் என்று சொல்லிப் போட்டார். அன்றைக்குப் பின்னால் போனவர் இன்றும் பின்னால்தான் இருக்கிறார். 1965-ல் பிரிந்த பிறகு முழுக்கவே மறந்துவிட்டீர்கள். மெட்டு யாருடையது என்று சண்டை போடுகிறவர்கள் இருவரும் சேர்ந்து செய்த பாட்டையெல்லாம் 'எம்.எஸ்.வி. பாட்டு' என்று சொல்வதில்லையா? முதலில் அதைத் திருத்துங்கள்.

சுப்பையா நாயுடு பக்தன்:
சரியாகச் சொன்னீர்கள் வயலின். எல்லோருடையதும் கடைசியில் ஒருவர் பெயருக்கே போய்ச் சேருகிறது. நான் முதல் பதிவிலிருந்து சொல்வதும் இதைத்தான்.

ஈரோட்டு வயலின்:
நான் உங்களுக்காகப் பேசவில்லை. ராமமூர்த்திக்காகப் பேசினேன். நாயுடு பெயரைச் சொல்லும் நீங்களும் இதுவரை ராமமூர்த்தி பெயரைச் சொல்லவில்லை.

சிங்காநல்லூர்க்காரன்:
வயலின் அவர்களே, ராமமூர்த்தி இல்லாமல் மெல்லிசை மன்னர்கள் இல்லை. அந்தப் பட்டம் 1963-ல் இருவருக்கும் சேர்த்துத்தான் கொடுத்தார்கள். 2012-ல் முதலமைச்சர் ஜெயலலிதா 'திரையிசைச் சக்கரவர்த்தி' பட்டம் கொடுத்ததும் இருவருக்கும்தான். நான் யாரையும் மறக்கவில்லை. ஆனால் 1948-ல் ராமமூர்த்தி இந்தக் கதையில் இல்லை. நான் பேசுவது 1948.

அந்தக் காலத்தில் இந்த ஊர் எப்படி இருந்தது என்று தெரியாமல் பேசுகிறீர்கள். சிங்காநல்லூரில் சென்ட்ரல், புலியகுளத்தில் பட்சிராஜா என்று இரண்டு ஸ்டூடியோ. படத்துக்கு வேண்டிய ஆட்கள் அத்தனை பேரும் இங்கேயே குடியிருந்தார்கள். ஜி.கே.வெங்கடேஷ் இங்கே நாயுடுவிடம் இருந்தவர்தான், பின்னாளில் இளையராஜாவே அவரிடம் உதவியாளராக வேலை செய்தார். பட்சிராஜாவின் 'மலைக்கள்ளன்' 1954-ல் ஜனாதிபதி வெள்ளிப் பதக்கம் வாங்கியது, அந்தப் பரிசைப் பெற்ற முதல் தமிழ்ப் படம் அதுதான். அதற்கு இசை யார்? பக்தன் அவர்களே, நாயுடுதான், நானே சொல்கிறேன்! நாயுடுவின் பெருமை எனக்குத் தெரியாததா? இந்த ஊருக்கே பெருமை அவர். இரண்டு ஸ்டூடியோவும் போன பிறகு நாம் மில்லையும் மோட்டாரையும் மட்டுமே சொல்லப் பழகிவிட்டோம். வெளியூர்க்காரர் மைக்கில் டீ வாங்கிக் கொடுத்த கதையைச் சொன்னால் நம் ஆட்களே கைதட்டுகிறார்கள். அதுதான் எனக்கு ஆறவில்லை.

பீளமேட்டுத் தம்பி:
அண்ணா, நான் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. மெட்டு என்பது எதுவரைக்கும்? பல்லவியை எம்.எஸ்.வி.யும் மீதியை நாயுடுவும் செய்திருந்தால் பாட்டு யாருடையது?

சுப்பையா நாயுடு பக்தன்:
தம்பி, டைட்டிலில் யார் பெயரோ அவருடையது.

சிங்காநல்லூர்க்காரன்:
தம்பி, போட்டவர் யாரோ அவருடையது.

எலப்புள்ளிப் பையன்:
யார் போட்டாலும் போட்டவர் எலப்புள்ளிக்காரர்.

சுப்பையா நாயுடு பக்தன்:
சிங்காநல்லூர்க்காரரே, நாயுடு ஊருக்குப் பெருமை என்கிறீர்கள், அடுத்த வரியில் அவர் பாட்டைப் பிடுங்குகிறீர்கள். போன மாதமும் இதே வேலைதான் செய்தீர்கள். டி.எம்.எஸ். பற்றி நான் எழுதிய பதிவில் வந்து நாற்பது பதில் போட்டு என்னைப் பேசவே விடவில்லை. அதையும் மறக்கவில்லை. நீளமாக எழுதினால் உண்மை ஆகிவிடாது.

எம்.எஸ்.வி. நாயுடுவை எப்படி வைத்திருந்தார் தெரியுமா? கடைசிக் காலத்தில் நாயுடுவையும் அவர் மனைவியையும் தன் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டார். 1979-ல் நாயுடு இறந்தபோது மகன் ஸ்தானத்தில் நின்று காரியம் செய்தார். குருவின் பாட்டை என் பாட்டு என்று சண்டை பிடிக்கிற மனிதர் செய்கிற காரியமா அது? அவரே நாயுடுவிடம் விட்டுவிட்டதை நீங்கள் எதற்குத் திருப்பி வாங்குகிறீர்கள்?

சிங்காநல்லூர்க்காரன்:
இப்போதுதான் நீங்கள் என் பக்கம் பேசியிருக்கிறீர்கள், உங்களுக்கே தெரியவில்லை. மகன் ஸ்தானத்தில் நின்று காரியம் செய்தார். எதற்கு? அந்த நாளில் நாயுடு சோமுவிடம் போய்ச் சொன்ன ஒரு வார்த்தைக்கு. நாயுடு நாலு வார்த்தை கூட்டிப் பொய் சொன்னார் என்று நீங்கள்தான் எழுதினீர்கள், நான் இல்லை. நாயுடு பொய் சொல்லவில்லை என்று நான் சொல்கிறேன். அவர் உண்மையைச் சொன்னார். தன் பெயரில் வந்த பாட்டை, ஊரே பாடிய பாட்டை, இது என்னுடையது இல்லை என்று முதலாளி முகத்துக்கு நேரே சொன்னார். எத்தனை இசையமைப்பாளர்கள் செய்வார்கள்? யார் அவரை மதிக்கிறோம், நீங்களா நானா?

தமிழ்த்தாய் வாழ்த்தை தினமும் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பாடுகிறார்கள். அதற்கு மெட்டுப் போட்ட விஸ்வநாதன் கை எந்த ஆர்மோனியத்தில் பழகியது என்று எந்தப் பிள்ளைக்காவது சொல்லிக் கொடுத்திருக்கிறோமா? சிங்காநல்லூரில் பழகிய கை அது.

சுப்பையா நாயுடு பக்தன்:
நாயுடு பொய் சொன்னார் என்று நான் எழுதவே இல்லை. பெருந்தன்மை என்றுதான் எழுதினேன். மேலே போய் மறுபடி படியுங்கள். வார்த்தையை மாற்றாதீர்கள்.

ஈரோட்டு வயலின்:
தமிழ்த்தாய் வாழ்த்து 1970. ராமமூர்த்தி பிரிந்து போன பிறகு. இதற்காவது அவர் பெயரை எதிர்பார்க்க முடியாது, சரி. மற்றதற்கெல்லாம் எப்போது சொல்வீர்கள்?

சிங்காநல்லூர்க்காரன்:
படித்தேன். 'கூட்டித்தான் சொல்வார்' என்று எழுதியிருக்கிறீர்கள். இல்லாததைக் கூட்டிச் சொன்னால் அதற்கு என்னங்க பெயர்? திருச்சி ரோட்டில் போகும்போதெல்லாம் அந்த ஸ்டூடியோ இருந்த பக்கம் திரும்பிப் பார்க்காமல் நான் போனதில்லை. அந்த மெட்டு அங்கே பிறந்தது, போட்டது விஸ்வநாதன். எத்தனை பேர் வந்தாலும் சொல்வேன்.

சுப்பையா நாயுடு பக்தன்:
டைட்டிலைப் பாருங்கள்.

சிங்காநல்லூர்க்காரன்:
பாட்டைக் கேளுங்கள். இன்றைக்கு ராத்திரி கேட்டுவிட்டு வாருங்கள், நாளைக் காலை மீதியை எழுதுகிறேன்.