ஆங்கிலத் திறப்பில் கறுப்பு நம் நகர்வுகளையே திருப்பி ஆடினால்?

உப்புவெளியான்:
அண்மையில் திருகோணமலையில் நடந்த சதுரங்கச் சுற்றுப்போட்டியொன்றில் வெள்ளைக் காய்களுடன் சி4 (சிப்பாயைச் சி4 கட்டத்துக்கு நகர்த்தும் ஆங்கிலத் திறப்பு) என்று தொடங்கினேன். எதிராளி சி5 ஆடியதோடு நில்லாமல், குதிரைகள் எஃப்3, சி3 கட்டங்களுக்கும் மந்திரி ஜி2-க்கும் வந்து நான் கோட்டை கட்டும் (அரசனையும் யானையையும் ஒரே நகர்வில் இடம்மாற்றும்) வரை ஒவ்வொரு நகர்வையும் அப்படியே திருப்பி ஆடினார். ஏழாவது நகர்வாக டி3 ஆடினேன். அவரும் டி6 ஆடினார். பிறகு காய்கள் ஒவ்வொன்றாக வெட்டுப்பட்டு ஆட்டம் சமநிலையில் முடிந்தது. முதலில் நகர்த்தும் உரிமையால் வெள்ளைக்கு இங்கே பயன் ஏதும் உண்டா?

நிலாவெளி வாசகர்:
உண்டு, ஐயா. ஏழாவது நகர்வில் டி4 ஆடியிருக்கலாம். அங்கே கறுப்பு டி5 என்று திருப்பி ஆடினால் நடுப்பகுதி திறந்துகொள்ள, நகர்வும் வெள்ளையிடமே இருக்கும். ஆகவே பெரும்பாலும் சி5 சிப்பாயால் டி4-ஐ வெட்டுவார்கள். குதிரைகளும் டி4-இல் வெட்டுப்பட்டு, வெள்ளை அரசி அங்கே வந்து, கறுப்பு டி6 ஆடியதும் டி3-க்குப் பின்வாங்குவாள். எஃப்6 குதிரை விலகினால் ஜி7 மந்திரியின் பார்வை அரசிமேல் விழும் என்பதே அந்தப் பின்வாங்கலின் காரணம். சி4 சிப்பாய் டி5 கட்டத்தைப் பிடித்திருப்பதால் வெள்ளைக்கு இடம் சற்று அதிகம்.

மூதூர்க் குதிரை:
எஃப்3 குதிரையைத் தாமதித்தால் இன்னும் சுவையான வழியொன்று உண்டு. நான்காம் நகர்வு மந்திரி ஜி2 ஆனபின் ஏ3, யானை பி1, பி4 என்று வெள்ளை போக, கறுப்பும் ஏ6, யானை பி8 என்று தொடர்ந்து பி4-இல் வெட்டி, பி5 ஆடும். சிப்பாய்கள் வெட்டுப்பட்டபின் வெள்ளை குதிரை எஃப்3, கறுப்பு டி5. அடுத்து வெள்ளை டி4, கறுப்பு குதிரை எஃப்6 என்று வந்ததும் மந்திரி எஃப்4 ஆடுங்கள். சி7 வெறுமையாக இருப்பதால் மந்திரி நேரே பி8 யானையைத் தாக்குகிறது. திருப்பி ஆடுவதை விட்டுவிட்டு யானையைப் பி6-க்கு நகர்த்துவதே அங்கே வழக்கம். அச்சுறுத்தலுடன் வரும் நகர்வைக் கண்ணை மூடிக்கொண்டு திருப்பி ஆட முடியாது.

உப்புவெளியான்:
நன்றி. நிலாவெளி வாசகர் சொன்ன வழியில் டி3-இல் உள்ள அரசியைக் கறுப்பு மந்திரி எஃப்5-க்கு வந்து தாக்கினால்?

நிலாவெளி வாசகர்:
இ4 ஆடலாம், மந்திரி இ6-க்குப் போகும். ஆனால் அந்த இ4 சிப்பாய் உங்கள் ஜி2 மந்திரியின் பாதையையே அடைத்துவிடும், சி4 சிப்பாய்க்குப் பி3 காவலும் தேவைப்படும். கறுப்பு எதிர்பார்ப்பதும் அதையே. எஃப்6 குதிரை டி7 வழியாகச் சி5-க்கு வந்து மறுபடி அரசியைத் தொடும். எனினும் வெள்ளைப் பக்கம் ஆடவே நான் விரும்புவேன்.