நீங்கள் விட்டுவைத்த மீன்: கச்சத்தீவிலும் கரையிலும் நமக்கு நடந்தவை

வடகடல்

2023 மார்ச், கச்சத்தீவு அந்தோணியார் திருவிழா. இலங்கைக்குச் சொந்தமான சின்னத் தீவு, இரு கரை மீனவர்களும் கூடும் திருவிழா. போய் வந்தவர்களுக்கு எல்லாம் தெரியும்: பெயர் பதிவு, சோதனை, வெயில், குடிக்கும் தண்ணீருக்கு வரிசை. அதையெல்லாம் விட்டுவிடுகிறேன். அத்தைக்கு நேர்ச்சை, துணைக்குப் போனேன். வெள்ளி மாலை கொடியேற்றம், சிலுவைப்பாதை, இரவில் சப்பரம். எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. சனிக்கிழமை காலைப் பூசையில் பக்கத்தில் உட்கார்ந்தவர்தான் இன்னும் என்னை விடாதவர்.

இலங்கைப் பக்கம் நெடுந்தீவுக்காரர். அறுபத்தைந்து வயது இருக்கும். பூசை தொடங்குவதற்கு முன்பே பேச்சுக் கொடுத்தார்.

"எந்த ஊர் தம்பி?"

"இராமேஸ்வரம் பக்கம் ஐயா."

"சின்னப் படகோ, விசைப்படகோ?"

எங்கள் விசைப்படகுகள் அவர்கள் கடலில் இழுவை மடி போட்டு மீனை வாரிக்கொண்டு போகின்றன என்பது அவர்களுடைய மனத்தாங்கல். பொய் சொல்லியிருக்கலாம், வாயில் வரவில்லை. "விசைப்படகுதான். அப்பா டிரைவர். நானும் இரண்டு வருடம் போயிருக்கிறேன்."

"ஓம்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை.

சமாதானம் பகிரும் நேரம் வந்தது. பெரியவர் முன்னால் இருந்தவர்களைக் கும்பிட்டார், பின்னால் திரும்பிக் கும்பிட்டார், வலப்பக்கம் கும்பிட்டார். கடைசியாகத்தான் என் பக்கம் வந்தார். முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்ததால் கையைப் பார்த்தேன். ஆள்காட்டி விரல் மடிப்பில் நைலான் நூல் அறுத்து அறுத்து விழுந்த தழும்பு, கறுப்புக் கோடாக. "சமாதானம் தம்பி." நானும் திருப்பிச் சொன்னேன்.

பூசை முடிந்ததும் பொட்டலத்தைப் பிரித்தார். பிட்டும் பொரித்த ஓரா மீனும். பெரிய மீனாகப் பார்த்து எடுத்து என் கையில் வைத்தார். "சாப்பிடுங்கள் தம்பி. நீங்கள் விட்டுவைத்த மீன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சாப்பிட்டேன். முள்ளை அவர் முன்னால் துப்ப மனம் வராமல் கைக்குள் மூடிவைத்துக்கொண்டு படகடி வரை நடந்தேன். அவர் சொன்னது வசையா, வேடிக்கையா, உபசாரமா? உங்களில் யாருக்காவது இப்படி நடந்ததுண்டா?

மரிக்கொழுந்து

எனக்குக் கரையிலேயே நடந்தது. நான் கடற்பாசி எடுப்பவள். மன்னார் வளைகுடாத் தீவுகளின் பக்கம் போகக்கூடாது என்று சட்டம் இருப்பது தெரியும். எங்கள் பாட்டி காலத்திலிருந்து பாசி அங்கேதான் விளைகிறது என்பதும் தெரியும். ஒரு நாள் காவலுக்கு வந்தவர் எங்கள் வத்தையை மறித்து என் சாக்கைப் பிடுங்கிக் கடலிலேயே கவிழ்த்துவிட்டார். ஆறு மணி நேரம் தண்ணீருக்குள் முங்கி முங்கி எடுத்தது. மிதந்து போவதைப் பார்த்துக்கொண்டே விரலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தேன். விரல் நுனிகள் சுண்டிப்போய் வெள்ளையாக இருந்தன.

அந்த வருடம் கிறிஸ்துமஸ் நள்ளிரவுப் பூசையில் நற்கருணை வாங்க வரிசையில் நிற்கிறேன். எனக்கு முன்னால் அவர். சீருடை இல்லாததால் முதலில் தெரியவில்லை, தோளில் குழந்தை வேறு. திரும்பியவர் என்னைத் தெரிந்துகொண்டார். ஒதுங்கி, "போங்கள் அக்கா" என்று வழி விட்டார்.

நான் போகவில்லை. அவரும் நகரவில்லை. பின்னால் இருந்த கிழவி, "யாராவது ஒருத்தர் போங்களேன்" என்று அதட்டியபிறகு அவர்தான் போனார். நான் போயிருக்க வேண்டுமோ என்று ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் தோன்றுகிறது. பாசி போனதற்கு வருத்தமில்லை என்று சொன்னால் அது பொய்.

நாட்டுப்படகு

வடகடல் தம்பிக்கு ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளக்கூடாது. உங்கள் மனம் உறுத்துவதற்குக் கச்சத்தீவு வரை போக வேண்டியிருந்ததா? உங்கள் ஊரிலேயே என் வலை அறுந்து கிடந்ததே! கரையை ஒட்டிய கடலில் விசைப்படகு மடி இழுக்கக்கூடாது என்று 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் விதி இருக்கிறது. திங்கள், புதன், சனி உங்களுக்கு, மற்ற நாள் எங்களுக்கு என்று நாளும் பிரித்தாயிற்று. அப்படியிருந்தும் செவ்வாய் மாலை விட்ட நண்டு வலையைப் புதன் காலை எடுக்கப் போனால் இரண்டு முனைதான் மிச்சம்.

எந்தப் படகு என்று தெரிந்துகொண்டு உரிமையாளர் வீட்டுக்குப் போனேன். அன்று அவர் வீட்டில் அன்பியக் கூட்டம், அக்கம்பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடிச் செபிப்பது. அவரே செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார், துக்க தேவ இரகசியம். வாசலில் நின்றேன். ஐந்து பத்து மணியும் முடிந்து, பிரார்த்தனை முடிந்து, சுண்டலும் கொடுத்து முடியும் வரை நின்றேன். எனக்கும் ஒரு கிண்ணம் சுண்டல் கொடுத்தார்கள். எல்லாரும் போனபின் பாதிப் பணத்தை எண்ணிக் கொடுத்தவர், "ஃபாதர் காதுக்குப் போக வேண்டாம் அண்ணே" என்றார். மீதிப் பாதி இன்னும் வரவில்லை. பெரியவர் உங்களை வைதாரா வாழ்த்தினாரா என்று கேட்கிறீர்கள். அவர் கணக்குச் சொன்னார், அவ்வளவுதான்.

குருசடித் தெரு

கணக்கு என்று எளிதாகச் சொல்கிறீர்கள். என் வீட்டுக்காரரை இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போய் அந்தப் பக்கச் சிறையில் வைத்திருந்தார்கள். அவர் முதலாளி அல்ல, பங்குக்குப் போன ஆள். அவர் திரும்பி வந்தால் கச்சத்தீவில் மெழுகுவர்த்தி ஏற்றுவதாக நேர்ந்துகொண்டேன். வந்துவிட்டார். 2024 பிப்ரவரித் திருவிழாவுக்கு எல்லாம் எடுத்து வைத்திருந்தேன். நம் படகோட்டிகளுக்கு இலங்கையில் சிறைத்தண்டனை கொடுத்ததைக் கண்டித்து இங்கிருந்து யாரும் போவதில்லை என்று சங்கங்கள் முடிவெடுத்துவிட்டன. நியாயமான முடிவுதான், நானும் கை தூக்கியவள்தான். ஆனாலும் அன்று காலை செய்தித்தாளில் சுற்றிய மெழுகுவர்த்தியோடு படகுத்துறையில் போய் நின்றேன். என்னைப்போல நாலைந்து பெண்கள் நின்றார்கள். ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கொள்ளவில்லை. எல்லார் கையிலும் ஒரே மாதிரிப் பொட்டலம்.

வெயில் ஏற ஏற மெழுகு வளைந்துவிட்டது. தெருக் குருசடியில் அந்தோணியார் காலடியில் வளைந்தபடியே ஏற்றினேன். நேர்ச்சை தீர்ந்ததா இல்லையா என்று சாமியாரிடம் கேட்கவில்லை. கேட்டால் தீர்ந்தது என்றுதான் சொல்வார்.

வாத்தியார், தொண்டி

ஓய்வுபெற்ற ஆசிரியன். என் அனுபவம் சிறியது. ஓரியூரில், 1693 பிப்ரவரி 4 அன்று புனிதர் அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) தலை வெட்டுண்ட இடத்தில், சிவப்பு மண்ணைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் "எதற்கு?" என்று கேட்டேன். "மகன் படகில் வைக்க" என்றார். "நீங்கள் கிறிஸ்தவரா?" என்று கேட்டுவிட்டேன். "அது தெரிந்தால்தான் மண் கொடுப்பார்களா?" என்று திருப்பிக் கேட்டார். அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவே வேண்டாம்.

நிற்க. உங்களுக்கெல்லாம் சில யோசனைகள். முதலாவது, மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தில் ஆண்டவர் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்: சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் இருக்கிறது என்று நினைவு வந்தால் காணிக்கையைப் பீடத்தின் முன்னேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாக வேண்டும். உனக்கு அவன்மேல் மனத்தாங்கல் இருந்தால் என்று சொல்லவில்லை என்பதைக் கவனிக்கவும். வடகடல் தம்பி அன்றே எழுந்து, பூசை முடியுமுன் அந்தப் பெரியவரிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். இரண்டாவது, இலங்கை 2017இல் அடிமடி இழுவையை, அதாவது கடலடியை வாரும் மடியை, சட்டமாகவே தடை செய்துவிட்டது. அதே 2017இல் நம் பக்கம் ஆழ்கடல் மீன்பிடித் திட்டம் வந்தது. 80 லட்சம் ரூபாய்ப் படகுக்கு மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து 70 சதவீதம் மானியம் கொடுத்தன. இழுவைப் படகை ஒப்படைத்துவிட்டு ஆழ்கடலில் சூரை மீன் பிடிக்கப் போகலாம். போனவர்கள் மிகச் சிலர். மூன்றாவது, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் படகு சும்மாதானே கிடக்கிறது? அந்த நாட்களில் ஒவ்வொரு கோயில் பங்கிலும் விசைப்படகுக்காரர்களையும் நாட்டுப்படகுக்காரர்களையும் உட்காரவைத்துப் பேசச் செய்யலாம். நான்காவது, யோவான் கடைசி அதிகாரத்தில் 153 மீன் பிடிபட்டதாக வருகிறது. அந்த எண்ணுக்கு ஆழ்ந்த பொருள் உண்டு, எல்லா இனத்தாரும் ஒரே வலைக்குள் என்று வேத அறிஞர்கள் விளக்குவார்கள். ஐந்தாவது, சிறுசேமிப்பு.

நாட்டுப்படகு

வாத்தியார் ஐயா, 153க்கு ஆழ்ந்த பொருள் இருக்கட்டும். பங்கு பிரிக்கிறவன்தான் மீனை எண்ணுவான். பேதுரு அண்ணன் எண்ணியதும் அதற்காகத்தான் இருக்கும் என்பார் எங்கள் தாத்தா. ஏழு பேர் படகில். ஆளுக்கு இருபத்தொன்று, மீதி ஆறு. அந்த ஆறு யாருக்குப் போனது என்று தாத்தா சாகும் வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆழ்கடல் படகில் கடலிலேயே வாரக்கணக்கில் கிடக்க வேண்டும். காலையில் போய் மறுநாள் காலை திரும்பிப் பழகியவர்கள் இவர்கள். மானியம் போக மீதியை யார் கட்டுவது? விசைப்படகுக்காரனுக்காக நான் வாதாடுவேன் என்று நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

மரிக்கொழுந்து

சிறுசேமிப்பா? பாசி எடையில் வியாபாரி கொடுத்த முன்பணம் கழிப்பதற்கு முன்னாலா, கழித்த பின்னாலா?

வடகடல்

எல்லாவற்றையும் வாசித்தேன். வாத்தியார் ஐயா, மன்னிப்புக் கேட்டிருக்கலாம்தான். ஆனால் எதற்கென்று சொல்லிக் கேட்பது? நான் போன இரண்டு வருடத்தில், ஒரு சனிக்கிழமை இரவு மடியைத் தூக்கியபோது மீனோடு யாருடைய வலையோ சுருண்டு வந்தது. வெள்ளை மிதப்புக் கட்டைகள், ஒன்றில் நீல மையில் சிலுவை வரைந்திருந்தது. எங்கள் ஆட்களும் அப்படித்தான் வரைவார்கள். டிரைவர் கத்தியைக் கொடுத்தார். வெட்டித் தள்ளினேன். டிரைவர் என்றால் என் அப்பாதான். காலையில் படகு கரை சேரும்போது பூசை மணி அடித்தது. நாங்கள் ஏலத்தில் நின்றோம்.

அது பெரியவருடைய வலையாக இருந்திருக்காது. கடல் அவ்வளவு சிறியதா என்ன? ஆனாலும் அந்த மீனைக் கையில் வைத்தபோது எனக்கு அந்தச் சிலுவைதான் ஞாபகம் வந்தது.

இப்போது டீசல் பம்பில் வேலை பார்க்கிறேன். அடுத்த திருவிழாவுக்குப் பெயர் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். வலை நூல் நாலைந்து கண்டு வாங்கிக்கொண்டு போனால் சோதனையில் விடுவார்களா? பெரியவரின் பெயர் கேட்டு வைக்கவில்லை, முகம் தெரியும். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

குருசடித் தெரு

சோப்பும் துணியும் விட்டார்கள். நூல் யாரும் கொண்டுபோய்ப் பார்த்ததில்லை. அத்தையின் பையில் வையுங்கள்.

நாட்டுப்படகு

எத்தனையாம் நம்பர் நூல் வாங்கப் போகிறீர்கள்? நண்டு வலைக்கு ஒன்று, சூடை வலைக்கு வேறு. அவர் என்ன வலை விடுகிறார் என்று கேட்டீர்களா?