மூன்றாம் பட்டியலுக்கு மாறினால் கஞ்சா கடைகளின் வங்கிச் சிக்கல் தீருமா?

ஐந்துரோடு கணக்கர்:
சேலத்தில் உள்ள எங்கள் அலுவலகம் அமெரிக்க நிறுவனங்கள் சிலவற்றுக்குக் கணக்கு எழுதித் தருகிறது. அவற்றுள் ஒன்று, கொலராடோ மாநில உரிமம் பெற்ற கஞ்சா கடை. வங்கி மாதந்தோறும் பிடிக்கும் கண்காணிப்புக் கட்டணம் கடை வாடகையை நெருங்குகிறது. கிரெடிட் கார்டு மூலம் பணம் பெற வழியில்லாததால் கல்லா முழுவதும் ரொக்கம்தான். கஞ்சாவைக் கூட்டாட்சிப் போதைப்பொருள் சட்டத்தின் மிகக் கடுமையான முதல் பட்டியலிலிருந்து, கட்டுப்பாடு குறைந்த மூன்றாம் பட்டியலுக்கு மாற்ற அமெரிக்க அரசு 2024 மே மாதம் முன்மொழிந்ததால், வங்கித் தொல்லை ஒழிந்துவிடும் என்று கடைக்காரர் நம்புகிறார். அது நடக்குமா?

அஸ்தம்பட்டி வரி ஆலோசகர்:
அவர் வரியையும் வங்கியையும் ஒன்றாக எண்ணுகிறார். அந்நாட்டு வரிச் சட்டத்தின் 280இ பிரிவு, முதல் இரண்டு பட்டியல்களில் உள்ள பொருள்களை விற்பவர் வாடகை, சம்பளம் முதலியவற்றைக் கழிக்கவிடாது. சரக்கின் அடக்க விலையை மட்டுமே கழிக்கலாம். மூன்றாம் பட்டியலுக்குப் போனால் அந்தத் தடை விலகும்.

ஏற்காட்டுக்காரன் (வங்கிப் பணி ஓய்வு):
வங்கி பார்ப்பது பட்டியல் எண்ணை அன்று. வரும் பணம் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றத்தில் விளைந்ததா என்பதையே. மூன்றாம் பட்டியல் மருந்தையும் உரிய பதிவு பெற்றவர் மருத்துவர் சீட்டின் பேரில்தான் விற்க முடியும் என்பதால், மாநில உரிமத்தை மட்டும் வைத்துக்கொண்டு யாருக்கும் விற்கும் கடை அப்போதும் சட்டத்துக்குப் புறம்பானதாகவே இருக்கும். அமெரிக்கக் கருவூலத்தில் நிதிக் குற்றங்களைக் கண்காணிக்கும் ஃபின்சென் பிரிவு 2014 பிப்ரவரியில் தந்த வழிகாட்டுதல், இத்தகைய கணக்குகளை வங்கிகள் வைத்துக்கொள்ள இடம் தருகிறது. ஆனால் ஒழுங்காக நடக்கும் கடை என்றாலும் சந்தேகப் பரிவர்த்தனை அறிக்கையைத் தொடர்ந்து அனுப்பியே ஆக வேண்டும். தம்பி குறிப்பிடும் கட்டணம் பெரும்பாலும் அந்த வேலைக்கான கூலிதான். வங்கிகளுக்கு உண்மையான பாதுகாப்பு தரக்கூடிய மசோதா 2019 முதல் பிரதிநிதிகள் சபையில் பலமுறை நிறைவேறியும் செனட்டைத் தாண்டவில்லை. பட்டியல் மாற்றத்தைவிட அதைக் கவனிப்பதே மேல் என்பேன்.

ஐந்துரோடு கணக்கர்:
நன்றி ஐயா. எங்கள் கட்டணம் டாலரில் சேலத்துக் கணக்குக்கு வருகிறதே, அதற்கு ஏதும் இடையூறு வருமா?

ஏற்காட்டுக்காரன்:
அங்கு பட்டியல் மாறினாலும் நமது 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டம் மாறாது. அச்சட்டத்தின் குற்றங்கள், 2002-ஆம் ஆண்டுச் சட்டவிரோதப் பணப்பரிமாற்றத் தடுப்புச் சட்டத்தின் அட்டவணையிலும் இடம்பெற்றுள்ளன. கணக்கு எழுதுவது வேறு, சரக்கு விற்பது வேறு என்பது உண்மையே. ஆயினும் வாடிக்கையாளரின் தொழில் இன்னதென்று வங்கிக்கு இப்போதே எழுத்தில் தெரிவித்து, பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்தின் நகலும் மாநில உரிமத்தின் நகலும் கோப்பில் இருக்கட்டும்.